மறந்துபோன இரண்டு உருண்டை களி

போன தை மாதம் அத்தையின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, பந்தலுக்குக் கீழே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அத்தை மகள், எனக்கு மதினி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்.

"எங்கம்மா கடைசியா உங்க வீட்டுக்கு வந்தது, நீங்க பத்திரம் பதிஞ்சீகளே அன்னைக்குத்தான். சத்தமெல்லாம் ஓஞ்சப்புறம் ராத்திரி உங்க அடுப்படியில உக்காந்து உளுந்தங்களி கிண்டினா. நீ ரெண்டு உருண்டை தின்ன. குழியில எண்ணெ பத்தலைன்னு கேட்டு வேற ஊத்திக்கிட்ட."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

அத்தையின் களியை மறப்பவன் இல்லை நான். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, அது கொதிக்கும்போது உளுந்து மாவைத் தூவி, துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்டுவார். வலது தோள்பட்டை ஏறி இறங்கும். களி உருளியின் ஓரத்தை விட்டு உருண்டு வரும்போது ஒரு மணம் வரும், அது கூட இப்போது நினைத்தால் வருகிறது. சின்ன வயதில் தின்றது, அக்கா சமைந்தபோது தின்றது, தீபாவளிக்கு மறுநாள் ஒரு தடவை தின்றது எல்லாம் தெரிகிறது. அவர் எனக்குக் கடைசியாகக் கிண்டிப் போட்ட களி மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது.

அந்த நாளை மறக்க நான் மெனக்கெட்டேன். அதுதான் விஷயம்.

2009 ஆவணி. அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிட்டு வந்தோம். சாயங்காலம் திண்ணையில் வைத்து அண்ணன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். ஒரு வாக்கியம். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் எழும்பியது, கிணறு பொதுவில் கிடந்தது, நான் மதுரைக்குக் குடிவரும்வரை ஒரு வருடம் போல அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அங்கே ஒரு நாளும் கழியாது. அவர் இருமினால் சுவரைத் தாண்டிக் கேட்கும். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் அவர்தான் இறைக்கிறார் என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் தொண்டைக்குழியில் ஒரு சூடு கிளம்பும், அந்த வாக்கியம் வரப்போகிறது என்று அர்த்தம். வர விடமாட்டேன். வேறு எதையாவது நினைத்துக்கொள்வது, சாமி பேர் சொல்வது அந்த மாதிரி எல்லாம் இல்லை. வாசலில் ஒருவன் கால் வைக்கும்போதே கதவைச் சாத்துவது போல, அவ்வளவுதான். மன்னிப்பு, பெருந்தன்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தினமும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது, அதற்கு வேறு வழி தெரியவில்லை.

இன்றைக்கு அந்த வாக்கியம் "நீ" என்று தொடங்கியது மட்டும் தெரியும். மிச்சம் இல்லை.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாததற்கு நம் ஊரிலேயே ஒரு பழமொழி இருக்கிறது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே. வைத்தியர் அப்படிச் சொல்லிவிட்டார், அதனால் நோயாளி மருந்தை எடுக்கும்போதெல்லாம் குரங்கு வந்து உட்கார்ந்துகொண்டது, கடைசிவரை மருந்து உள்ளே போகவே இல்லை. மனசை அடக்க முயன்றால் அது இன்னும் துள்ளும் என்பதற்கு நாம் எல்லோரும் இந்தக் கதையைத்தான் காட்டுவோம்.

இதே கதையை 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் டெக்சாஸில் சோதனையாகச் செய்து பார்த்தார். அவருக்குக் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மேசையில் இருக்கும் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம், "சரி, இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று சொன்னபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. அமுக்கினால் எகிறும் என்ற முடிவு அதிலிருந்து ஊரெல்லாம் பரவியது. வெக்னர் அதற்கு ஒரு காரணமும் சொன்னார். மனதில் ஒரு பகுதி கரடியைத் தள்ளிவிடப் பாடுபடும்போது, இன்னொரு பகுதி "கரடி வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று காவல் காக்கிறது. காவல்காரனுக்குத் திருடன் முகம் தெரிந்தால்தானே பிடிக்க முடியும்? அதனால் கரடியின் படத்தைக் கையிலேயே வைத்திருக்கிறான்.

எனக்கு இது சரியாகத்தான் பட்டது. ஆனால் என் கதைக்குப் பொருந்தவில்லை. பல வருடம் கழித்துத்தான் மைக்கேல் ஆண்டர்சன் என்ற உளவியலாளரைப் பற்றிப் படித்தேன்.

ஆண்டர்சன் ஒருநாள் மாலை சமையலறை ஜன்னல் விளிம்பில் இருந்த ஒரு தொட்டியைத் தட்டிவிட்டார். கை தானாகப் பிடிக்கப் பாய்ந்தது. பாதி வழியில்தான் தெரிந்தது, அது கள்ளிச் செடி. சில சென்டிமீட்டர் தூரத்தில் கையை நிறுத்திக்கொண்டார். தொட்டி விழுந்து செடி பாழாகிவிட்டது, கையில் முள் ஏறவில்லை. தானாகக் கிளம்பும் கையை நடுவழியில் நிறுத்த மூளைக்குத் தெரிகிறது என்றால், தானாகக் கிளம்பும் நினைவையும் அப்படி நிறுத்த முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

2001-ல் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் அவரும் காலின் கிரீனும் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்கு ஜோடி ஜோடியாகச் சொற்களைக் கற்றுக் கொடுத்தார்கள். சங்கடம் என்பது போன்ற ஒரு சொல்லோடு கரப்பான்பூச்சி, அந்த மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஜோடிகள். நன்றாக மனதில் பதிந்த பிறகு, முதல் சொல் மட்டும் திரையில் வரும். சில சொற்களுக்கு ஜோடியை நினைத்துச் சொல்ல வேண்டும். வேறு சிலவற்றுக்கு, திரையில் உள்ள சொல்லைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும், ஆனால் அதன் ஜோடி மனதுக்குள் வரவே கூடாது. சில சொற்களை இப்படிப் பதினாறு தடவை வரை தள்ளச் சொன்னார்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னபோது, தள்ளிவைத்தவை குறைவாகத்தான் ஞாபகம் வந்தன. எதைவிடக் குறைவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு கூட்டம் ஜோடிகளை ஆரம்பத்தில் கற்றுக்கொடுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள், நினைக்கவும் சொல்லவில்லை, தள்ளவும் சொல்லவில்லை. காலத்தோடு சும்மா மங்க விட்ட அவற்றைவிடத் தள்ளியவை அதிகம் மறந்திருந்தன. அதிகத் தடவை தள்ளியது அதிகம் மறந்தது. சரியாகச் சொன்னால் காசு என்றார்கள், அப்போதும் வரவில்லை. "பூச்சி வகை, முதல் எழுத்து இது" என்று புதிதாக வேறு பக்கத்திலிருந்து துப்புக் கொடுத்தார்கள், அப்போதும் தடுமாறினார்கள். அதாவது சங்கடத்திலிருந்து கரப்பான்பூச்சிக்குப் போகும் பாதை மட்டும் அடைபடவில்லை, கரப்பான்பூச்சியே கொஞ்சம் வலுவிழந்திருந்தது.

குரங்குக்கும் கரப்பான்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். வைத்தியர் குரங்கின் பேரைச் சொல்லியே குரங்கை நினைக்காதே என்கிறார். கட்டளைக்குள்ளேயே குரங்கு உட்கார்ந்திருக்கிறது, எதை நிறுத்துவது? ஆண்டர்சனின் சோதனையில் திரையில் இருப்பது சங்கடம்தான். அதிலிருந்து கரப்பான்பூச்சிக்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டும், அந்தப் படியில்தான் நிறுத்துகிறார்கள். என் கதையில் ராட்டினச் சத்தம் வேறு, அண்ணனின் வாக்கியம் வேறு. நான் நிறுத்தியது சத்தத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில். யாராவது என்னிடம் வந்து "உங்கண்ணன் இன்ன வார்த்தை சொன்னானே, அதை நினைக்காதே" என்று தினமும் சொல்லியிருந்தால் அது இன்றுவரை என் கூடவே இருந்திருக்கும்.

2004-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் கேப்ரியலி குழுவோடு சேர்ந்து ஆண்டர்சன் இதை ஸ்கேனுக்குள் வைத்துப் பார்த்தார். நினைவைத் தள்ளும்போது நெற்றிக்குப் பின்னால், வலதுபக்க முன்மூளையில் ஒரு பகுதி சுறுசுறுப்பாகிறது. அதே நேரம் ஹிப்போகேம்பஸ், அதாவது நடந்த சம்பவங்களைப் பதிந்து வைத்து எடுத்துக் கொடுக்கும் பகுதி, அடங்குகிறது. கிளம்பிய கையை நிறுத்தும்போதும் வலதுபக்க முன்மூளைதான் பெரிதும் வேலை செய்கிறது, ஆக கள்ளிச்செடிக் கேள்வி வீண் போகவில்லை. பின்னால் கேம்பிரிட்ஜுக்குப் போய் அவர் குழு 2017-ல் இன்னொன்றையும் கண்டது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் ஹிப்போகேம்பஸில் அதிகம் உள்ளவர்களுக்குத் தள்ளுவது நன்றாகக் கைவருகிறது. மேலிடத்து உத்தரவு இருந்தால் போதாது, அதைக் கேட்க உள்ளூரில் ஆள் வேண்டும் போல.

எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. 2006-ல் அமெரிக்காவிலேயே இன்னொரு குழு இதே சோதனையை மூன்று விதமாகச் செய்து பார்த்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. விளைவு பெரியதும் இல்லை, நூற்றில் சில சொற்கள் குறைவு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கல்லூரி மாணவர்கள் சொற்களைத் தள்ளியதற்கும், ஒருவன் ஒரு வருடம் தன் அண்ணன் வார்த்தையைத் தள்ளியதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நானே தாண்டிக் குதிக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

"பதினைந்து வருஷமாச்சு, எல்லோருக்கும்தான் மறக்கும்" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி, எனக்கும் ஒரு மூன்றாவது கூட்டம் ஜோடி வேண்டுமே. தேடிப் பார்த்தேன். அதே வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செருப்பு வாங்கினேன். காப்பிப்பொடி நிறம், இடது காலில் கட்டைவிரல் வார் கடித்தது, கடைக்காரர் "ரெண்டு நாள் எண்ணெ போட்டா சரியாயிரும்" என்றார். யாரும் அதை எனக்கு நினைவுபடுத்தியதும் இல்லை, நான் தள்ளியதும் இல்லை. ஒரு செருப்பு வார் அப்படியே கிடக்கிறது, பத்துப் பேர் முன்னால் வாங்கிய வசவு காணோம். இது நிரூபணம் ஆகாது. ஆனாலும் என்னால் இதை ஒதுக்க முடியவில்லை.

சரி, வாக்கியம் போனது நான் தள்ளியதால் என்றே வைத்துக்கொள்வோம். களி எப்படிப் போனது? அதை நான் தள்ளவே இல்லையே.

இங்கேதான் கேம்பிரிட்ஜ் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஜஸ்டின் ஹல்பர்ட்டும் ஆண்டர்சனும் செய்தது. வழக்கம்போல நினை, நினைக்காதே என்று சொற்கள் வந்துகொண்டிருக்கும்போது, நடுநடுவே சம்பந்தமே இல்லாத படங்களைக் காட்டினார்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மயில் நிற்பது மாதிரி, யாரும் சட்டென்று மறக்காத படங்கள். அவற்றை யாரும் மறக்கச் சொல்லவில்லை. ஆனாலும் பிறகு கார் நிறுத்தும் இடத்தைக் காட்டி "இங்கே என்ன நின்றது?" என்று கேட்டபோது, நினைவைத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வந்த மயில்கள் வெகுவாகக் காணாமல் போயிருந்தன. ஒரு நினைவை வர விடாமல் செய்ய ஹிப்போகேம்பஸை அமுக்கும்போது அது முழுசாகவே அடங்குகிறது, அந்த நேரத்தில் புதிதாக வருவதையும் அது சரியாகப் பதிவதில்லை. இதை மறதியின் நிழல் என்கிறார்கள்.

ராத்திரி, சத்தமெல்லாம் ஓய்ந்தபிறகு என்று மதினி சொன்னார். நான் அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து, அத்தை போட்ட உருண்டையில் குழி பண்ணி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன செய்துகொண்டிருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். முதல் தடவையாகக் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டிருந்திருப்பேன். மயில் வந்து நின்றிருக்கிறது, பார்த்திருக்கிறேன், எண்ணெய் கூடக் கேட்டிருக்கிறேன். பதியவில்லை.

கோபத்தில் இருந்தவன் சாப்பாட்டைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் என்றும் சொல்லலாம். அல்லது அந்த நாளோடு ஒட்டிய எது வந்தாலும் நான் கதவைச் சாத்தியதில், திண்ணைக்குப் பின்னால் வரிசையில் நின்ற அடுப்படியும் வெளியே போயிருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆனால் களியோடு இது நிற்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த அந்த ஒரு வருடத்தில்தான் என் மகள் பேசப் பழகினாள். அவள் "ராட்டினம்" என்பதை எப்படிச் சொல்வாள், பல்லியைப் பார்த்து என்ன பேர் வைத்தாள் என்றெல்லாம் மனைவி வரிசையாகச் சொல்வாள். நானும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன், போட்டோவில் கூட இருக்கிறேன். எனக்கு இரண்டோ மூன்றோதான் தெரியும், அதுவும் மனைவி சொல்லிச் சொல்லித் தெரிந்ததா என்று சந்தேகம். நாளைக்கு எத்தனை தடவை ராட்டினம் கிறீச்சிட்டிருக்கும்? இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆண்டர்சன் ஆட்கள் அளந்தது நொடிக்கணக்கில் விழும் நிழலை. ஆனாலும் ராத்திரியில் இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அப்படியானால் தள்ளவே கூடாதா? இதில் எனக்கு வைத்தியர் கட்சியில் சேர மனமில்லை. 2015 நவம்பர் 13 அன்று பாரிசில் நடந்த தாக்குதலில் 130 பேர் செத்தார்கள். உயிர் தப்பியவர்களில் சிலருக்கு அந்த இரவு ஒரு சத்தம், ஒரு வாசனை கிடைத்தால் போதும், திரும்பத் திரும்ப வந்து தாக்கும். பி.டி.எஸ்.டி. என்று சொல்கிறார்களே அது. வேறு சிலருக்கு, அதே இடத்தில் இருந்தும், அப்படி ஆகவில்லை. பிரான்சில் கான் நகரத்து ஆய்வாளர்கள் இரு சாராரையும் ஸ்கேனுக்குள் வைத்து, தாக்குதலோடு சம்பந்தமே இல்லாத சாதாரணச் சொற்களையும் படங்களையும் கொடுத்து நினை, நினைக்காதே விளையாட்டை ஆடச் சொன்னார்கள். 2020-ல் முடிவு வந்தது. நோய் வராதவர்களின் மூளையில் தள்ளும் வேலை தாக்குதலையே பார்க்காதவர்களுக்கு நடப்பது போல ஒழுங்காக நடந்தது. நோய் வந்தவர்களுக்கு அந்தப் பிடி தளர்ந்திருந்தது. கசப்பைத் தள்ளிவைப்பவன் கோழை, உண்மையைப் பார்க்க மாட்டாதவன் என்று பேசுகிறவர்கள் இதைப் படிக்கலாம்.

கொரோனா காலத்தில் ஜுல்கைதா மமத்தும் ஆண்டர்சனும் 16 நாடுகளில் 120 பேருக்கு இணையம் வழியாக மூன்று நாள் பயிற்சி கொடுத்ததும் இருக்கிறது. அவர்களில் பாதிப்பேர் போலத் தங்களை வாட்டும் பயங்களுக்குத் தாங்களே ஒரு குறிப்புச் சொல் வைத்துக்கொண்டு, சொல்லைப் பார்த்ததும் பயத்தை உள்ளே விடாமல் நிறுத்திப் பழகினார்கள். எகிறித் திரும்பும் என்று பயந்த அளவுக்கு எதுவும் எகிறவில்லை, பயங்கள் மங்கின, பலருக்கு மனசும் லேசானது. தள்ள முடிகிறவர்கள் தள்ளட்டும். நான் தள்ளாமல் இருந்திருந்தால் அந்தக் கிணற்றடியில் ஒருநாள் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். களியை விலையாகக் கொடுத்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பந்தலுக்குக் கீழே மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு உங்க அண்ணன் என்ன சொன்னாருன்னாவது ஞாபகம் இருக்கா கொழுந்தனாரே?"

அவருக்கு அது வார்த்தைக்கு வார்த்தை தெரியும் என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் களியைப் பற்றிக் கேட்டேன். யார் யார் தின்றோம், அத்தை என்ன பேசினார், எந்தப் பாத்திரம். வெண்கல உருளியாம், அம்மாவுடையது. துடுப்பு கிடைக்காமல் தோசைத்திருப்பியின் காம்பால் கிண்டினாராம். "கட்டி தட்டிருச்சு, இன்னைக்குக் கை சரியில்லடா" என்றாராம். இவ்வளவும் இப்போது என்னிடம் இருக்கிறது, ஆனால் மதினியின் குரலில் இருக்கிறது.

மதுரைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன். மாதம் ஒரு தடவை பேசிக்கொள்வோம். மழை, போர்வெல், அவர் பேரனின் ஸ்கூல் பீஸ், இதைத் தாண்டி எதுவும் பேச்சில் வராது. அன்றைக்கு நான் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"எண்ணே, பத்திரம் பதிஞ்ச அன்னைக்கு ராத்திரி அத்தை களி கிண்டினாளாமே. நீங்க தின்னீகளா?"

"களியா?" என்றார். "அன்னைக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது, யாரோ இறைக்கிறார்கள்.

"ஞாபகம் இல்லையேப்பா" என்றார். அப்புறம், "அங்க மழை உண்டா?"